கிணற்றுத் தண்ணீருக்கும் ஓர் ஆரம்பக் கூட்டம் வேண்டும்

நீங்கள் கேட்ட கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிப் பக்கம் வீடு. ஆடி பிறந்தால் கிணறு சவர்க்க, அதாவது உப்புக் கரிக்கத் தொடங்குகிறது. பக்கத்தில் வெங்காயத் தோட்டம், அதற்கப்பால் ஹொட்டல், எல்லோரும் மோட்டர் போட்டு இறைக்கிறார்கள். மழையும் முன்னைப் போல இல்லை. கிணறுகளுக்கு அனுமதிப்பத்திரம், மீற்றர் என்று அரசாங்கம் கட்டுப்பாடு கொண்டுவந்தால் சரிவருமா? வறட்சிக்கு முன்கூட்டியே என்ன திட்டம் போடலாம்? அதுவரைக்கும் நானும் ஆழமாக ஒரு குழாய்க்கிணறு அடிக்கட்டுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: அடிக்காதீர்கள். உங்கள் காணிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தால் ஏன் என்பது தெரியும்.

நிலாவெளியிலிருந்து குச்சவெளி வரைக்கும், இன்னும் மேலே புல்மோட்டைப் பக்கமும், கரையோரமாகக் கிடப்பது பழைய கடற்கரை மணல். மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேல், தண்ணீரில் தேங்காயெண்ணெய் மிதப்பது போல மிதந்துகொண்டு நிற்கிறது. நல்ல தண்ணீரை விட கடல் தண்ணீர் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்குதான் கனம் கூட. அதனால் வரும் கணக்கு விசித்திரமானது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரைக்கும் அது உப்பைத் தள்ளி வைக்கும். திருப்பிப் பார்த்தால், இறைத்து இறைத்து மேலே ஓர் அடி குறைத்தால் கீழே உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். உடனே ஏறாது, கலந்து கலந்து மெல்ல வரும். நம் பக்கம் மணலின் தடிப்பே பல இடங்களில் அவ்வளவு இல்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பும் உப்பளமும். நடுவில் ஒடுங்கிய ஒரு துண்டுத் தண்ணீரில்தான் எல்லோரும் வாழ்கிறோம்.

இதில் ஆழமாகக் குழாய் இறக்குவது உப்பை வாசலுக்கு அழைப்பது. குழாயின் வாய் உப்புக்குக் கிட்டப் போகிறது, அந்த ஒரே இடத்தில் வேகமாக இழுக்கிறது, கீழேயிருந்து உப்பு கூம்பு போல மேலே எழும்பி வருகிறது. ஆழம் குறைந்த, வாய் அகன்ற பழைய கட்டுக்கிணறு மேல் தண்ணீரைத்தான் வழித்து எடுக்கும். இந்த மண்ணுக்குப் பொருந்தியது அதுதான். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையோரம் முழுக்கக் கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்கினார்கள். ஒருதரம் இறைத்து சேற்றையும் குப்பையையும் எடுத்தது சரி. உப்புப் போகட்டும் என்று திரும்பத் திரும்ப இறைத்த இடங்களில் கீழே கிடந்த உப்பும் சேர்ந்து மேலே வந்தது. கடைசியில் கழுவித் தந்தது மாரி மழைதான்.

எவ்வளவு உப்பு வந்தால் கெடும் என்றும் ஒரு கணக்கு உண்டு. குடிதண்ணீரில் குளோரைட் ஒரு லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினால் நாக்குக்குத் தெரியத் தொடங்கும். கடல் தண்ணீரில் அது சுமார் 19,000. அதாவது நூறு லீற்றர் நல்ல தண்ணீருக்குள் ஒன்றரை லீற்றர் கடல் தண்ணீர் புகுந்தாலே போதும்.

இதே மாவட்டத்தில் உள்ளே போனால் கதை வேறு. கந்தளாய், மொறவெவ, கோமரங்கடவல பக்கமெல்லாம் கீழே கருங்கல். அதன் மேல் உக்கிப்போன சில மீற்றர் மண்ணில்தான் தண்ணீர். அங்கே பிரச்சினை உப்பல்ல, வற்றுதல். மேலே உள்ள குளம் காய்ந்தால் கீழே உள்ள கிணறும் காயும். அதனால் அங்கே கிணற்றைக் காப்பாற்றுவது என்றால் குளத்தைத் தூர்வாரிக் கட்டைப் பேணுவது என்று அர்த்தம். உங்கள் கேள்வி மணலைப் பற்றியது, ஆகவே நானும் மணலோடு நிற்கிறேன்.

மழைக்கு வருவோம். திருகோணமலைக்கு வருஷத்தில் சுமார் 1,600 மில்லிமீற்றர் மழை. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் வாடையோடு வந்து முடிந்துவிடும். பிறகு மே தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் கச்சான் காற்று. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு சூடாக இங்கே இறங்கி வருகிற காற்று அது. நாளுக்கு ஐந்து ஆறு மில்லிமீற்றர் தண்ணீரை நிலத்திலிருந்தும் இலையிலிருந்தும் குடித்துவிட்டுப் போகும்.

"காலநிலை வறளுது" என்று சொல்லும்போது பலரும் நினைப்பது மொத்த மழை குறைகிறது என்று. நம் பக்கம் அதை விடச் சிக்கலானது. வெப்பம் கூடுவதால் ஆவியாவது கூடுகிறது. மழை சில நாட்களுக்குள் கொத்தாக வருகிறது, இடைவெளி நீள்கிறது. 2016-17 மாரி பொய்த்தபோது நாடு முழுக்க நெல் விளைச்சல் விழுந்தது, நாற்பது வருஷங்களில் காணாத வறட்சி என்று பேசப்பட்டது. மறுபக்கம் 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மூதூரும் வெருகலும் வெள்ளத்தில் கிடந்தன. இப்படிப்பட்ட ஒரு வெள்ளம் வந்தால் இரண்டு வருஷத்துக்குக் கிணறு தாங்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். மணல் அப்படி வேலை செய்யாது. அது சிறிய பாத்திரம். நிறைந்து மண் மட்டத்துக்கு வந்ததும் மிச்சம் வழிந்து களப்புக்கும் கடலுக்கும் போய்விடும். நல்ல மாரியும் மிக நல்ல மாரியும் அதற்கு ஒன்றுதான். ஒவ்வொரு தை மாதமும் புதிதாகக் கணக்குப் போட வேண்டிய தண்ணீர் இது.

இனி சட்டம். இலங்கையில் காணிக்காரன் தன் காணிக்குக் கீழே உள்ள தண்ணீரை எடுக்கலாம் என்பதுதான் ரோமன் டச்சுச் சட்டத்திலிருந்து வந்த பழக்கம். நீர்வளச் சபை 1964ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவானது, அதன் பொறுப்புகள் 1999இல் திருத்தப்பட்டன. ஆனாலும் வீட்டுக்கோ தோட்டத்துக்கோ கிணறு வைத்திருக்கிறவர் வருஷம் எவ்வளவு இறைக்கலாம் என்று அளந்து சொல்லும் முறை எதுவும் ஊரில் நடைமுறையில் இல்லை. 2000ஆம் ஆண்டில் தேசிய நீர்வளக் கொள்கை என்று ஒரு வரைவு வந்தது. தண்ணீர் எடுக்கும் உரித்தை அனுமதிப்பத்திரமாக்குவது, அதைக் கைமாற்றவும் இடமளிப்பது என்பது அதன் போக்கு. தண்ணீரை விற்கப் போகிறார்கள் என்று நாடு முழுக்க எதிர்ப்பு எழும்பி வரைவு கைவிடப்பட்டது. அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வரைவோடு சேர்த்து நிலத்தடி நீர் பற்றிய பேச்சையும் தூக்கிப் போட்டது நஷ்டம்.

அனுமதிப்பத்திரமும் மீற்றரும் மட்டும் வந்தால் சரியாகிவிடுமா என்றால், தமிழ்நாட்டைப் பாருங்கள். அங்கே 2003இல் நிலத்தடி நீருக்கென்று முழுச் சட்டமே நிறைவேற்றினார்கள். நடைமுறைக்கு வராமலே 2013இல் அதை நீக்கினார்கள். லட்சக்கணக்கான கிணறுகளுக்குப் பின்னால் யார் போய் மீற்றர் வாசிப்பது? நிலாவெளியிலும் அதே கேள்விதான். வீட்டுக்கு வீடு கிணறு. ஒரு வீட்டுக் கிணற்றுக்கு மீற்றர் பூட்டுகிற காசில் ஊருக்கே வேறு உருப்படியான வேலை செய்யலாம்.

நான் சொல்ல வருவது இது. குளத்துத் தண்ணீருக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு நல்ல ஒழுங்கு இருக்கிறது. சிறுபோகம் என்கிற கோடை நெல் விதைப்புக்கு முன்னால் ஆரம்பக் கூட்டம் வைக்கிறார்கள். கமக்காரர் அமைப்புகள், நீர்ப்பாசனத் திணைக்களம், கமநல சேவை ஆட்கள், பிரதேச செயலாளர் எல்லோரும் உட்கார்ந்து, குளத்தில் இவ்வளவு தண்ணீர் நிற்கிறது, இத்தனை ஏக்கர்தான் செய்யலாம், இன்ன திகதிக்கு வாய்க்கால் திறப்போம், இன்ன திகதிக்கு மூடுவோம் என்று முடிவெடுக்கிறார்கள். சத்தம் வரும், சண்டை வரும், ஆனால் முடிவு வரும். 1946ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் இதற்கு முதுகெலும்பு. தண்ணீர் மிகக் குறைந்த வருஷத்தில் குளத்துக்குக் கிட்ட உள்ள வயலை மட்டும் விதைத்து, அதை எல்லாப் பங்காளருக்கும் தற்காலிகமாகப் பிரித்துக் கொடுக்கும் பெத்ம முறையும் உலர் வலயத்தில் பழங்காலம் தொட்டு இருக்கிறது. மேட்டுக்காரனுக்கும் பள்ளக்காரனுக்கும் அரைவயிறு, ஒருவனுக்கும் பட்டினி இல்லை.

கிணற்றுத் தண்ணீருக்கு இப்படியொரு கூட்டம் இல்லை. குளம் கண்ணுக்குத் தெரிகிறது, அலைகரையில் நின்றால் எவ்வளவு என்று எவனும் சொல்லுவான். மணலுக்குள் இருப்பது தெரியாது, அதனால் என் கிணறு என் தண்ணீர் என்று நினைக்கிறோம். ஆனால் அதுவும் ஒரு குளம்தான், கட்டு இல்லாத குளம். ஆகவே ஒழுங்குபடுத்துதல் என்றால் நான் முதலில் கேட்பது கிணற்றுக்கான ஆரம்பக் கூட்டத்தை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கூட்டம் வைக்க முதலில் குளத்து மட்டம் தெரிய வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு கிராம அலுவலர் பிரிவில் பத்துக் கிணறுகளைத் தெரிந்தெடுங்கள்: கரையோரம் சில, களப்புப் பக்கம் சில, நடுவில் சில. மாதம் ஒருதரம் நாடா விட்டுத் தண்ணீர் மட்டத்தை அளக்க வேண்டும், கையடக்க மின்கடத்துதிறன் மானியால் உப்பைப் பார்க்க வேண்டும். உயர்தர விஞ்ஞானப் பிள்ளைகளே செய்வார்கள். அளந்ததைக் கோப்புக்குள் போடாமல் கோயிலடியிலும் பள்ளிவாசலடியிலும் கூட்டுறவுக் கடையடியிலும் பலகையில் எழுத வேண்டும். முழுத் திட்டத்திலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் பலகைதான். தன் கிணறு மட்டும் சவர்க்கிறது என்று நினைக்கிற ஆள் இன்னும் பலமான மோட்டரை வாங்கிப் பொருத்துவான். ஊர்க் கிணறு முழுக்கச் சவர்க்கிறது என்று தெரிந்தால் கூட்டத்துக்கு வருவான்.

கூட்டம் எப்போது? தை முடிந்து மாசி தொடங்குகிறபோது. மாரி முடிந்து மணல் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று தெரியும், தோட்டக்காரர் விதை வெங்காயத்துக்கு இன்னும் காசு கட்டியிருக்கமாட்டார்கள். ஆவணியில் கூட்டம் வைத்து ஒன்றும் ஆகாது. அப்போது நட்டவனைப் பார்த்து இறைக்காதே என்று சொல்ல யாருக்கும் வாய் வராது, வரவும் கூடாது.

அந்தக் கூட்டத்தில் என்ன கணக்குப் பார்ப்பது? பெய்கிற மழையில் கால்வாசி மணலுக்குள் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 400 மில்லிமீற்றர். ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 16 லட்சம் லீற்றர். கச்சான் காலத்தில் வெங்காயம் எழுபது எழுபத்தைந்து நாளில் குடிப்பதும் கிட்டத்தட்ட அதே 400 மில்லிமீற்றர்தான். அதாவது ஓர் ஏக்கர் வெங்காயம் ஓர் ஏக்கரில் இறங்கிய வருஷத் தண்ணீர் முழுவதையும் குடிக்கிறது. வீட்டைப் பாருங்கள்: ஒரு குடும்பம் நாளுக்கு 500 லீற்றர் எடுத்தாலும் வருஷத்துக்கு 1,82,500 லீற்றர். அது 18 பேர்ச் (ஓர் ஏக்கர் 160 பேர்ச்) காணியில் இறங்குகிற தண்ணீர். அதிலும் பெரும்பகுதி குளித்து, கழுவி, மண்ணுக்கே திரும்புகிறது. வீட்டுக் கிணறுகளைக் கட்டுப்படுத்தி மிச்சம் பிடிக்க எதுவும் இல்லை என்பது இதிலேயே தெரியும். ஒரு ஹொட்டல் நாளுக்கு 40,000 லீற்றர் இறைப்பதாக வைத்தால் அது ஒன்பது ஏக்கரின் வருஷத் தண்ணீர். அதுவும் பரந்து நில்லாமல் ஒரே இடத்திலிருந்து, கடலுக்கு மிகக் கிட்ட.

இறங்குகிற அவ்வளவையும் எடுத்துவிடலாமா என்றால் அதுவும் முடியாது. கடலை நோக்கி மணலுக்குள்ளால் மெல்லக் கசிகிற நல்ல தண்ணீர்தான் உப்பை வெளியே தள்ளி வைத்திருக்கிறது. "சும்மா கடலுக்குப் போற தண்ணி" என்று சொல்வோமே, அந்தக் கசிவு நின்ற நாளில் கடல் உள்ளே நடக்கத் தொடங்கும். பாதியையாவது விட்டுவைக்க வேண்டும் என்பது என் கணிப்பு. அந்தக் கணக்கில் பார்த்தால் ஊரின் பாதி நிலத்துக்கு மேல் கோடை வெங்காயம் போடக் கூடாது. மாரி குறைந்த வருஷத்தில் கால்வாசிக்கு இறங்க வேண்டும். யார் எவ்வளவு என்பதைக் கூட்டம் பிரிக்கட்டும், பெத்ம மாதிரி.

தோட்டக்காரர் ஒத்துக்கொள்வார்களா? நான் நம்புகிறேன், காரணம் வெங்காயமே. உப்பைத் தாங்காத பயிர்களில் அது முன்வரிசை. மண்ணின் உப்பு, மின்கடத்துதிறனாக அளந்தால், ஒரு மீற்றருக்கு 1.2 டெசிசீமன்சைத் தாண்டினாலே விளைச்சல் விழத் தொடங்கும், பிறகு ஒவ்வோர் அலகுக்கும் பதினாறு வீதம் போல இறங்கும். வீட்டுக்காரர் நாக்கில் உப்பு தெரிவதற்கு முன்பே வெங்காயத்தின் நுனி கருகிவிடும். தென்னைக்காரன் பொறுப்பான், ஹொட்டல்காரன் உப்பகற்றும் மெசின் வாங்குவான், வெங்காயக்காரனுக்கு வேறு வழியில்லை. காவல்காரனாக நிற்கக் கூடிய ஆள் அவர்தான். அவரைக் குற்றவாளியாக்கித் தொடங்குகிற எந்தத் திட்டமும் உருப்படாது.

சொட்டு நீர்ப்பாசனம் போட்டால் தீர்ந்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. பாதிதான் உண்மை. மணலில் பாத்திக்கு மிஞ்சிப் பாய்ந்த தண்ணீர் திரும்பக் கீழேதான் போகிறது. சொட்டு நீரில் மிச்சமாவது எரிபொருளும் உரமும், தண்ணீர் நினைக்கிற அளவுக்கு இல்லை. உரம் மிச்சமாவதே பெரிய காரியம்தான்: மணல் நிலத்தில் அள்ளிப் போட்ட யூரியா நேரே கிணற்றுக்குத்தான் போகும். கற்பிட்டியில் இதே மாதிரி மணலில் கிணற்றுத் தண்ணீரின் நைத்திரேற்று, குடிக்கலாம் என்கிற 50 மில்லிகிராம் அளவைத் தாண்டியது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. ஆனால் சொட்டு நீர் போட்டவர் மிச்சம் பிடித்த தண்ணீர் என்று இன்னும் அரை ஏக்கர் நட்டால் மணலுக்கு முன்னதை விட மோசம்.

இதோடு சேர்த்து சோலார் மோட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. தோட்டக்காரர் பட்ட பாடு பெரிது, அதை நல்லது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதுவரைக்கும் நம் மணலைக் காத்துக்கொண்டிருந்த ஒரே கட்டுப்பாடு எரிபொருள் விலைதான். இறைக்கிற ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் காசு போனது. சோலார் பூட்டிய பிறகு அந்தக் கணக்கு இல்லை, வெயில் உள்ளவரை இறைக்கலாம். வெயில் எரிக்கிற நாளில்தான் மணலில் தண்ணீர் குறைவு. சோலாருக்கு மானியமோ கடனோ கொடுக்கிறவர்கள் மோட்டரின் பலத்துக்கும் இறைக்கும் ஏக்கருக்கும் அளவு கட்டாமல் கொடுக்கக் கூடாது.

மீற்றர் வேண்டாம் என்றால் விதியை எப்படிக் காப்பது? கண்ணால் பார்க்கக் கூடிய விதியாக வைக்க வேண்டும். பஞ்சாபில் 2009இல் ஒரு சட்டம் போட்டார்கள்: ஜூன் 10க்கு முன்னால் நாற்று நடக் கூடாது. எவ்வளவு இறைத்தாய் என்று அளக்க முடியாது, எப்போது நட்டாய் என்று ரோட்டில் நின்றே பார்க்கலாம். உச்ச வெயிலில் வயலில் தண்ணீர் கட்டுவது அதனால் குறைந்தது. அறுவடையும் தள்ளிப் போய், வைக்கோலை எரிக்கிற புகை குளிர்காலத்தோடு சேர்ந்து டெல்லி வரைக்கும் போனது இன்னொரு கதை. விதி ஒன்று போட்டால் அது எங்கே போய் இடிக்கும் என்றும் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். நம் பக்கம் திகதியும் ஏக்கரும் போதும். வைகாசிக்குப் பிறகு புதிதாக நடுவதில்லை, இன்ன கோட்டுக்குக் கடல் பக்கமாக மோட்டர் வைத்துத் தோட்டம் இல்லை, பவுசர்காரருக்கு, அதாவது தண்ணீர் லொறிக்காரருக்கு, தண்ணீர் விற்பது இன்னின்ன கிணற்றிலிருந்து மட்டும். எல்லாம் ஊரே பார்க்கக் கூடியவை.

மீற்றர் வேண்டியது பெரிய ஆட்களுக்கு. ஹொட்டல்கள், தண்ணீர் விற்கிறவர்கள், தொழிற்சாலைகள். இவை எண்ணிக்கையில் குறைவு, கணக்கு வைத்திருக்கிறவர்கள், பிரதேச சபையின் அனுமதி இல்லாமல் நடத்தவும் முடியாதவர்கள். அவர்களுக்கு மீற்றர் கட்டாயம், மாத வாசிப்பு ஊர்ப் பலகையில். உப்பகற்றும் மெசின் வைத்திருந்தால் மிஞ்சுகிற கடும் உப்புத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். அதை மணலுக்குள் விட்டால் அயல் கிணறுகள் செத்துவிடும்.

நம்மைப் போலவே மணலுக்குள் தண்ணீர் வைத்திருக்கிற ஊர் அவுஸ்திரேலியாவின் பேர்த். அங்கே 1970களிலிருந்து மழை ஆறில் ஒரு பங்கு போலக் குறைந்தது. ஆனால் அணைகளுக்கு வரும் தண்ணீர் அதைவிடப் பல மடங்கு விழுந்தது. காய்ந்த மண் முதலில் தான் குடித்துவிட்டுத்தான் மிச்சத்தை விடும். அவர்கள் 2006இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை கட்டினார்கள், பிறகு சுத்திகரித்த கழிவுநீரை நிலத்துக்குள் செலுத்தத் தொடங்கினார்கள். அதெல்லாம் பணக்கார ஊர் வைத்தியம். நமக்குப் பொருந்துகிற பாடம் வேறு. 2022இல் போட்ட திட்டத்தில், உரிமம் வைத்திருப்பவர்களின் பங்கில் 10 வீதத்தை 2028 முதல் வெட்டுவோம் என்று ஆறு வருஷம் முன்கூட்டியே சொன்னார்கள். வீட்டுத் தோட்டக் குழாய்க்கிணறு வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் என்றார்கள், அதற்கும் கண்ணால் பார்க்கிற விதிதான். குறைக்கப் போவதை வெட்டுகிற நாளில் சொல்லாமல் விதைக்கிற நாளுக்கு முன்பே சொன்னால் சனம் தாங்கும்.

ஒரு விஷயத்தை ஒளிக்க முடியாது. தண்ணீரைத் திறக்கிற சாவி யார் கையில் என்ற கேள்வி இந்த மாவட்டத்தில் சாதாரணக் கேள்வி இல்லை. 2006 ஜூலையில் மாவிலாறு மதகு மூடப்பட்டதில் தொடங்கிய போர் எங்கே போய் நின்றது என்று எல்லோருக்கும் தெரியும். மூன்று இனத்து ஆட்களும் ஒரே மணலிலிருந்து குடிக்கிற இடத்தில், கொழும்பிலிருந்தோ மாவட்டக் கச்சேரியிலிருந்தோ மட்டும் வருகிற அனுமதிப்பத்திரத்தை இன்ன ஆளுக்குக் கொடுத்தார்கள், இன்னாருக்கு இல்லை என்றுதான் வாசிப்பார்கள். பலகையில் எழுதிய அளவும் எல்லோர் முன்னாலும் எடுத்த முடிவும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். சட்டத்தின் வேலை அந்தக் கூட்டத்தின் முடிவுக்குப் பலம் கொடுப்பது. கமக்காரர் அமைப்புகளுக்கு 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் ஓர் இடம் கொடுத்திருக்கிறது. அதே மாதிரிக் கிணற்றுக் குழுவுக்கும் கொடுப்பது நடக்க முடியாத காரியம் இல்லை.

இனி வறட்சித் திட்டம். இப்போது நடப்பது தெரிந்ததுதான்: கிணறு வற்றியதும் கிராம அலுவலருக்குச் சொல்வது, பிரதேச செயலகத்திலிருந்து பவுசர், 2005ஆம் ஆண்டின் அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் நிவாரணம். பவுசர் தேவைதான், ஆனால் அது வருகிற நாளைத் தை மாதமே எழுதிவைக்கலாம். நடுக் கிணறுகளில் மட்டம் இந்தக் கோட்டுக்குக் கீழே போனால் தோட்டத்துக்கு இறைப்பது ஒரு நாள் விட்டு ஒரு நாள். உப்பு இந்த அளவைத் தாண்டினால் தண்ணீர் விற்பனை நிறுத்தம். அடுத்த கோட்டில் பவுசர். யாரும் யாரிடமும் போய்க் கெஞ்சத் தேவையில்லை, பலகையில் எண் வந்ததும் நடக்க வேண்டும். அவசர காலத்தில் ஆளுக்கு நாளுக்கு 15 லீற்றர் என்பது குறைந்தபட்ச அளவு. 500 குடும்பம், குடும்பத்துக்கு நான்கு பேர் என்றால் 30,000 லீற்றர், ஐயாயிரம் லீற்றர் பவுசர் ஆறு தரம் வர வேண்டும். அதற்கு டீசல் எங்கே, எந்தச் சந்தியில் தாங்கி, எங்கே நிரப்புவது என்பதை முன்கூட்டி எழுதாமல் ஆவணியில் தேடுவதுதான் நம் வழக்கம்.

குழாய்த் தண்ணீர் எல்லா இடமும் வந்தால் பிரச்சினை போய்விடும் என்பவர்களுக்கு: திருகோணமலைக் குழாய்த் தண்ணீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது. அந்தக் குளத்துக்கு மேலேயும் வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வர வேண்டும், கீழே வயல்காரரும் காத்திருக்கிறார்கள். 1986 ஏப்ரல் 20 அந்தக் கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. முழு நகரமும் ஒரே குளத்தில் தொங்குவது நல்ல திட்டமில்லை. குழாய் வரட்டும், ஹொட்டல்களை முதலில் அதற்கு மாற்றட்டும், ஆனால் குழாய் வந்துவிட்டது என்று கிணற்றை மூடிவிடாதீர்கள், அதற்குள் குப்பை கொட்டவும் வேண்டாம்.

உங்கள் வீட்டளவில் செய்யக் கூடியது கூரைத் தண்ணீர். 500 சதுர அடிக் கூரையில் மாரிக் காலத்தில் விழுவது, சிந்தியது போக, 35,000 லீற்றருக்கு மேல். நான்கு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லீற்றர் என்றால், கம்பிவலை போட்டுச் சீமெந்து பூசிய 5,000 லீற்றர்த் தாங்கி ஒன்று 250 நாளைக்குக் காணும். மாசியில் திறந்தால் ஐப்பசி மழை வரைக்கும் போகும். முதல் மழையை வெளியே விடுங்கள், பீலியில் சருகு நிற்க விடாதீர்கள், வாயை வலையால் இறுக்கி மூடுங்கள், நுளம்பு பெருகினால் டெங்கு. கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் தகரமோ ஓடோ போட்ட பகுதியிலிருந்து எடுப்பது நல்லது. நிறைந்த பிறகு வழிகிறதைத் தெருவுக்கு விடாமல் கிணற்றுக்குக் கிட்ட ஒரு குழி வெட்டி மணலுக்குள் இறக்குங்கள். மலசலகூடக் குழி பக்கம் வேண்டாம்: மணலில் 50 அடி இடைவெளி விட்டாலும் அது போதும் என்று நான் சொல்லமாட்டேன். தாங்கி கட்டப் பிரதேச செயலகத்திலோ தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிலோ உதவித் திட்டம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், புரட்டாதிக்குள் கட்டி முடித்தால் இந்த மாரியையே பிடிக்கலாம்.